யசோதை எறிந்த கோல்

சித்திரைத் திருவாதிரையை ஒட்டிச் சீர்காழி சட்டைநாதர் ஆலயத்தில் நடைபெறும் திருமுலைப்பால் விழா, மற்ற உற்சவங்களிலிருந்து சற்றே வேறுபட்டது. தேரும் வாகனமும் எல்லாத் தலங்களிலும் காணக் கிடைப்பவையே. இங்கோ, ஒரு குழந்தை அழுததும், அந்த அழுகை கேட்டு அம்மையும் அப்பனும் இறங்கி வந்ததும் விழாவாகக் கொண்டாடப்படுகின்றன. பிரம்ம தீர்த்தக் கரையில் திருஞானசம்பந்தப் பெருமான் எழுந்தருள, பொற்கிண்ணத்தில் பால் வழங்கிய ஐதிகம் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. இடுப்பில் கைக்குழந்தையுடன் தாய்மார்களும், பேரனைத் தோளில் தூக்கிக் காட்டும் தாத்தாக்களுமாகக் குளக்கரை நிறைந்திருக்கும்.

இத்தகைய கூட்டங்களில் வேறொரு குரலும் காதில் விழுவதுண்டு. வெயிலும் நெரிசலும் தாளாமல் சிணுங்கும் குழந்தையிடம், "அழாதே! அழுதால் சாமி கண்ணைக் குத்தும்" என்று யாரேனும் அதட்டுவார். சொல்பவர் கெட்டவரல்லர். பெரும்பாலும் பாட்டியாகவோ தாத்தாவாகவோ இருப்பார்; தம் சிறு வயதில் தாம் கேட்டதையே திருப்பிச் சொல்கிறார். ஆயினும், அழுத பிள்ளையின் கண்ணீரைத் துடைக்கத் தெய்வமே வந்தது என்று சொல்லும் சமயத்தில் பிறந்துவிட்டு, அழுகிற பிள்ளையின் கண்ணைத் தெய்வம் குத்தும் என்று சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பேரன் பேத்திகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இன்று எத்தனையோ இல்லங்களில் முதியோர் கையில்தான் இருக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். குழந்தையின் மனத்தில் 'நான் வேண்டப்பட்டவன், எனக்கு ஒன்று என்றால் வருவதற்கு ஆள் இருக்கிறது' என்ற உறுதி வேர்விடும் பருவம், தாத்தா பாட்டியின் கண்ணெதிரில்தான் கழிகிறது. ஆகவே, சீர்காழிக் குளக்கரையில் உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயன் தரும்.

குளக்கரையில் நடந்தது

ஞானப்பால் உண்ட வரலாறு அறியாத சைவ இல்லம் இல்லை. ஆனால் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் இதனைச் சொல்லும் நுட்பம், கதையாகக் கேட்கும்போது நழுவிவிடுகிறது.

சிவபாத இருதயர் நீராடப் புறப்படுகிறார். மூன்று வயதுப் பிள்ளை பின்தொடர்கிறது. அவர் திரும்பி நின்று தடுக்கிறார். உண்மையாகக் கோபித்தார் என்று சேக்கிழார் சொல்லவில்லை; கோபித்தவர் போல விலக்கினார் என்கிறார். பிள்ளையோ கிண்கிணி அணிந்த காலைத் தரையில் உதைத்து அடம் பிடிக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் எந்த வீட்டிலும் நடப்பதுதான். 'சரி, இதுதான் உன் பிடிவாதம் என்றால் வா' என்று தந்தை இறங்கி வருகிறார்.

கரைக்கு வந்ததும் அவருக்குத் தயக்கம். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு நீரில் இறங்க மனம் வரவில்லை. தோணியப்பர் எழுந்தருளியிருக்கும் திசை நோக்கி வணங்கி, அதன் பிறகே குளத்தில் புகுகிறார். நீருக்குள் மூழ்கி மந்திரம் சொல்லும்போது தந்தையின் உருவம் பிள்ளையின் கண்ணிலிருந்து மறைகிறது. அந்தக் கணத்தில்தான் அழுகை தொடங்குகிறது. அம்மையையும் அப்பனையும் அழைத்து, கோயிற் சிகரத்தைப் பார்த்து அழுதது பிள்ளை. முற்பிறவித் தொடர்பை உணர்ந்து அழுததோ, அல்லது வெறும் பிள்ளைமைதானோ என்று சேக்கிழார் கேட்டுவிட்டு, விடை சொல்லாமல் விடுகிறார். ஞானக் குழந்தையே ஆனாலும், தந்தை கண்ணில் படாவிட்டால் அழுவது பிள்ளை இயல்பு என்பதற்கு அவர் இடம் வைத்திருக்கிறார்.

அடுத்து நடந்தது கவனிக்கத்தக்கது. இறைவனும் இறைவியும் வந்தார்கள். ஏன் அழுகிறாய் என்று விசாரணை நடக்கவில்லை. இவ்வளவு பெரிய பிள்ளை அழலாமா என்ற கேலியும் இல்லை. சிவஞான அமுதைக் குழைத்து, உண் என்று அம்மை ஊட்டினாள், கண்ணீர் துடைக்கப்பட்டது, பொற்கிண்ணம் பிள்ளையின் கையிலேயே கொடுக்கப்பட்டது, அழுகை தீர்ந்தது. ஞானம் வந்ததைப் பற்றித்தான் பிரசங்கங்களில் விரிவாகப் பேசுகிறோம். அந்த ஞானம் ஒரு குழந்தையைத் தேற்றும் செயலின் வழியாக வந்தது என்பது பேச்சில் விடுபட்டுப் போகிறது.

சிவபாத இருதயர் குறையுள்ள தந்தையாகவும் காட்டப்படவில்லை. அடம் பிடித்த பிள்ளையை உடன் அழைத்து வந்தார், பிரிய அஞ்சினார், தெய்வத்திடம் ஒப்படைத்துவிட்டே இறங்கினார். அத்தனைக்குப் பிறகும் பிள்ளை அழுதது. எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் குழந்தை அழத்தான் செய்யும். அழாமல் இருப்பது பாதுகாப்புணர்வின் அடையாளமன்று. அழுதபோது யாரேனும் வந்தார்களா என்பதே கேள்வி.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைநாட்டு மனநல அறிஞர்கள் பெருமுயற்சிக்குப் பின் வந்து சேர்ந்த இடமும் ஏறத்தாழ இதுவேதான். அங்கே அந்நாளில், குழந்தையை அதிகம் தூக்கினால் கெட்டுப்போகும், கொஞ்சினால் கோழையாகும் என்ற கருத்து படித்தவரிடையே செல்வாக்குடன் இருந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் வந்து பார்ப்பதற்கே கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், லண்டன் மருத்துவமனை ஒன்றில் எட்டு நாள் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம் பிடித்து 1952-இல் காட்டினார். அழுகையை அடக்கிக்கொண்டு அது நாளுக்கு நாள் ஒடுங்கிப்போவதைக் கண்டு மருத்துவர்கள் பலர் முதலில் கோபம் கொண்டனர்; குழந்தை அமைதியாகத்தானே இருக்கிறது என்றனர். அது அமைதி அல்ல, நம்பிக்கை இழப்பு என்று ராபர்ட்சன் வாதிட்டார். 1959-இல் பிரிட்டிஷ் அரசுக் குழு ஒன்று, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கவும், சிறு குழந்தைகளுடன் தாய்மார் தங்கவும் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ராபர்ட்சனுடன் பணிபுரிந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தைக்கும் அதனைப் பேணுபவருக்கும் இடையிலான பற்றையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். வசதியான குடும்பத்தில் பிறந்த அவர், செவிலித்தாய் ஒருத்தியிடம் வளர்ந்தார். நான்கு வயதானபோது அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். தாயையே இழந்ததற்கு நிகரான துயரமாக அதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவருடைய சகாவான மேரி எய்ன்ஸ்வொர்த், 1950-களில் உகாண்டாவின் கிராமங்களிலும், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகர வீடுகளிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் பக்கத்திலிருந்து கவனித்தார். பால்டிமோரில் அவர் கண்டது நம் வீடுகளில் இன்றும் நடக்கும் ஒரு விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. 'அழும்போதெல்லாம் தூக்கினால் கை பழகிவிடும்' என்பார்கள். முதல் மாதங்களில் அழுகைக்கு உடனுக்குடன் செவிசாய்க்கப்பட்ட குழந்தைகள், ஓராண்டு நிறையும் தறுவாயில் மற்றவர்களைவிடக் குறைவாகவே அழுதனர் என்பது அவருடைய ஆய்வின் முடிவு.

அவர் வகுத்த சோதனை ஒன்றும் உண்டு. பழகாத அறையில் குழந்தையை விட்டுத் தாய் சில நிமிடங்கள் வெளியே போகிறாள். பிறகு திரும்பி வருகிறாள். போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதையே அவர் முக்கியமாகக் கொண்டார். உறுதியான பற்றுள்ள குழந்தை தாயிடம் ஓடி ஒட்டிக்கொள்ளும். சிறிது நேரத்தில் தேறும். மறுபடி விளையாடப் போகும். சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று பாட்டிமார் சிரிக்கலாம். உண்மைதான். ஆனால் தெரிந்ததைச் செய்கிறோமா?

காக்கை காட்டும் தந்திரம்

காலையில் மருமகள் அலுவலகம் கிளம்பும் நேரம். குழந்தை அழுமே என்று பாட்டி அதைக் கொல்லைப்புறம் தூக்கிச் சென்று காக்கை காட்டுகிறாள். அந்த இடைவெளியில் தாய் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் நழுவுகிறாள். திரும்பி வந்த குழந்தை அறை அறையாகத் தேடுகிறது. அன்றைய அழுகை தவிர்க்கப்பட்டது என்று பெரியவர்களுக்கு நிம்மதி. குழந்தை கற்றுக்கொண்டதோ வேறு: கொஞ்சம் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள். மறுநாளிலிருந்து அது முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. காக்கை பார்க்கவும் வருவதில்லை. 'ரொம்பத்தான் ஒட்டிக்கொள்கிறது' என்று குறை சொல்கிறோம்.

சொல்லிவிட்டுப் போவதே மேல். 'அம்மா ஆபீஸ் போகிறாள், விளக்கேற்றும் நேரம் வந்துவிடுவாள்' என்று குழந்தைக்குப் புரியும் பொழுதைச் சொல்லி, கையசைத்து அனுப்ப வேண்டும். அழும், அழட்டும். அழும்போது பாட்டியின் தோள் இருக்கிறது. சொன்ன நேரத்தில் அம்மா வருகிறாள் என்பது நாலைந்து நாளில் அதற்கே தெரிந்துவிடும். வங்கியில் நம்பிக்கை என்பது பெரிய கட்டடத்தால் வருவதில்லை. கேட்ட நாளில் பணம் கைக்கு வருவதால் வருகிறது. குழந்தையின் கணக்கும் அப்படிப்பட்டதே.

முதியோரின் பிரிவும் இதில் சேர்த்தி. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ உள்ள மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கச் சென்று, ஆறு மாதம் குழந்தையைத் தோளிலும் மடியிலும் வளர்த்துவிட்டு, ஒருநாள் இரவு விமானத்தில் திரும்பிவிடும் பாட்டிகள் எத்தனை பேர்! அடுத்த முறை மூன்று வயதில் அதே குழந்தையிடம் விடைபெறும்போது, தூங்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிடுகிறார்கள். பிறகு கைபேசித் திரையில் அழைத்தால் குழந்தை முகம் காட்ட மறுக்கிறது. 'எங்களை மறந்துவிட்டான்' என்று பாட்டி கண் கலங்குகிறாள். மறந்த குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. கோபித்த குழந்தைதான் திருப்பிக்கொள்ளும். நாலு நாள் முன்பே சொல்லி, பெட்டி அடுக்கும்போது அதையும் அருகில் வைத்துக்கொண்டு, பாட்டியின் பழைய புடவைத் துண்டு ஒன்றை அதன் தலையணைக்கு விட்டுவிட்டு வந்தால், அந்தப் பிரிவுக்கு ஒரு முகம் இருக்கும். ஊர் வந்த பிறகு நாள்தோறும் ஒரே நேரத்தில் கூப்பிடுவது நல்லது. பேச வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். திரையில் பாட்டி பூத்தொடுத்துக்கொண்டு இருந்தாலே போதும். பார்த்துக்கொண்டே அது விளையாடும்.

பொங்கிய பாலும் உடைந்த பானையும்

பிள்ளை செய்யும் குறும்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு, பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் தாமோதர லீலை ஒன்றே போதும். வெண்ணெய் திருடியதற்காக யசோதை கட்டினாள் என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். கதையின் தொடக்கம் அதுவன்று.

யசோதை தயிர் கடைந்துகொண்டிருக்கிறாள். கண்ணன் வந்து மத்தைப் பிடித்துக்கொள்கிறான். அவள் மடியில் கிடத்திப் பால் கொடுக்கிறாள். அந்நேரம் அடுப்பில் வைத்த பால் பொங்குகிறது. குழந்தையின் பசி தீருமுன் அவனை இறக்கி வைத்துவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடுகிறாள். கண்ணனுக்கு வந்ததே கோபம்! உதடு துடிக்க, அம்மிக்கல்லை எடுத்துத் தயிர்ப்பானையை உடைத்துவிட்டு, உள்ளே போய் வெண்ணெயை எடுக்கிறான். உரலின் மீது ஏறிக் குரங்குகளுக்கும் கொடுக்கிறான்.

மடியிலிருந்து பாதியில் இறக்கப்பட்டதே குற்றத்தின் மூலம். யசோதையையும் குறை சொல்ல முடியாது. பால் பொங்கினால் எந்த இல்லத்தரசியும் ஓடுவாள். ஆனால் பானை உடைந்தபோது பானையை மட்டும் பார்த்தால் கதை புரியாது. தங்கை பிறந்த பிறகு தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடும் நாலு வயதுச் சிறுவனும், தாத்தா செய்தித்தாளில் ஆழ்ந்திருக்கும்போது மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கும் பேத்தியும் கண்ணனின் வழியில் வந்தவர்களே.

பிறகு யசோதை கோலெடுத்துத் துரத்துகிறாள். மூச்சிரைக்க ஓடிப் பிடிக்கிறாள். கண்ணன் மையிட்ட கண்களைக் கையால் கசக்கிக்கொண்டு அழுகிறான். பயத்தால் விழிகள் அலைபாய்கின்றன. அப்போது அவள் செய்ததைப் பாகவதம் ஒரே வரியில் சொல்லிச் செல்கிறது. பிள்ளை பயந்துவிட்டான் என்று அறிந்ததும், கையிலிருந்த கோலை எறிந்துவிட்டாள். கயிற்றால் கட்ட முனைந்தது அதற்குப் பின்னரே. கண்டிப்பை அவள் கைவிடவில்லை; அச்சுறுத்தலைக் கைவிட்டாள். அச்சத்துக்கே அச்சம் தரும் பரம்பொருள், தாயின் முன் அஞ்சி நின்ற காட்சியை எண்ணி எண்ணிக் குந்திதேவி மயங்கியதாகவும் அதே பாகவதம் முதல் ஸ்கந்தத்தில் கூறுகிறது.

'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியுடன் வளர்ந்த தலைமுறை இது. பள்ளிகளில் குழந்தைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் சட்டம் வந்து பார்க்கப் போவதில்லை. கோல் எந்தக் கணத்தில் கீழே விழ வேண்டும் என்பதை யசோதை தானேதான் கண்டுகொண்டாள், பிள்ளையின் முகத்தைப் பார்த்து.

கோல் என்றதும் சீர்காழிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. நீராடி எழுந்த சிவபாத இருதயரும் ஒரு சிறு கோலை ஓங்கினார் அல்லவா? யாரோ கொடுத்த பாலைப் பிள்ளை உண்டுவிட்டதே, எச்சில் பட்டுவிட்டதே என்ற ஆசாரக் கவலை அவருக்கு. பிள்ளையோ அஞ்சி ஒடுங்கவில்லை. ஒரு காலைத் தூக்கி நின்று, ஆனந்தக் கண்ணீருடன் விரலை உயர்த்திக் காட்டியது. சற்று முன் கண்ணீர் துடைக்கப்பட்ட குழந்தை அது. தந்தையின் கோலும் அதன்பின் என்னவாயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. அன்று தொடங்கி அவர் பிள்ளையைத் தோளில் சுமந்தார்.

ஆசாரம் பற்றிய இடம் முதியோர் இல்லங்களில் நுட்பமானது. தமிழில் 'மடி' என்ற சொல்லுக்குக் குழந்தை அமரும் மடியும் பொருள். நீராடி ஈரம் உலர்த்திய ஆசாரத் தூய்மையும் பொருள். பூஜை நேரத்தில் ஓடி வரும் பேத்தியிடம், "மடியாக இருக்கிறேன், தொடாதே, தள்ளிப் போ" என்று கத்தும்போது, ஒரு மடிக்காக இன்னொரு மடி மறுக்கப்படுகிறது. நியமத்தைக் கைவிட வேண்டும் என்பதன்று. எட்ட ஒரு பலகை போட்டு உட்கார வைத்து, பூக்களைத் தாம்பாளத்தில் அடுக்கச் சொல்லலாம். கற்பூரம் ஏற்றியதும் மணியடிக்கும் வேலை அதற்கே உரியது என்று ஆக்கலாம். 'மணி அடித்ததும் பாட்டி உன்னைத் தூக்கிக்கொள்வேன்' என்று சொல்லி, மணி அடித்ததும் மறக்காமல் தூக்கிக்கொண்டால், நாளடைவில் பூஜையின் மணியோசை அந்தக் குழந்தைக்கு எதை நினைவூட்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கண்ணைக் குத்தும் சாமியை அறிந்து வளர்ந்தவர்கள், பெரியவர்களானதும் கோயிலுக்கு வருவதில்லையே என்று வருந்துகிறவர்கள் இதையும் சற்று யோசிக்க வேண்டும்.

தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

விளையாட்டாகப் பேசும் பேச்சில் தைக்கும் முட்கள் வேறு. அப்பூச்சி காட்டுதல் என்று பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பதிகமே உண்டு. அங்கே அப்பூச்சி காட்டி அச்சுறுத்துபவன் குழந்தைக் கண்ணன்; அஞ்சுவது போல் நடித்து மகிழ்பவர்கள் பெரியவர்கள். நம் வீடுகளில் அது தலைகீழாகிவிட்டது. பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர் என்று சோற்றுக்கவளத்துடன் பயத்தையும் சேர்த்து ஊட்டுகிறோம். ஊசி போட உண்மையிலேயே டாக்டரிடம் போக வேண்டிய நாளில் அதன் விலை தெரிகிறது.

'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்ற கேலியின் கதை இன்னும் விசித்திரமானது. நோய்வாய்ப்பட்டுக்கொண்டே இருக்கும் குழந்தையைக் கோயிலில் சுவாமிக்கே ஒப்படைத்து, இனி இது உன் பிள்ளை என்று வேண்டி, பிறகு தவிட்டைக் கொடுத்து மீட்டு வருவது பழைய பிரார்த்தனை. எப்படியாவது இந்த உயிர் தங்க வேண்டுமே என்ற தவிப்பில் பிறந்த வழக்கம் அது. அந்த அன்பின் சொல்லே இன்று, 'நீ எங்கள் பிள்ளை இல்லை' என்று சீண்டும் சொல்லாகிவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் சிரிக்க, ஐந்து வயதுக் குழந்தை மட்டும் சிரிக்காமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். அன்றிரவு அது அம்மாவிடம் ஒட்டிப் படுத்துக்கொண்டு ஏதோ கேட்கும். தவிட்டுக்கு வாங்கியதன் உண்மைக் கதையைப் பாட்டி சொன்னால், அதைவிடச் சிறந்த கதை குழந்தைக்கு வேறு வேண்டியதில்லை.

'அவன் சமர்த்து, நீ அசடு' என்ற ஒப்பீடும், மகன் வழிப் பேரனுக்கு ஒரு தட்டு, மகள் வழிப் பேரனுக்கு ஒரு தட்டு என்ற பாகுபாடும் துருவனின் கதைக்குள் வருபவை. உத்தானபாத மன்னனின் மடியில் உத்தமன் அமர்ந்திருக்கிறான். ஐந்து வயதுத் துருவனும் ஏற வருகிறான். என் வயிற்றில் பிறந்திருந்தால்தான் அந்த இடம் கிடைக்கும் என்று சிற்றன்னை சுருசி தடுக்கிறாள். அவளுடைய சொல் கொடியதுதான். ஆனால் துருவனை மிகவும் சுட்டது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தந்தையின் மௌனமாகவும் இருக்கலாம். வாய் திறந்து ஒரு சொல், கை நீட்டி ஓர் அணைப்பு அங்கே போதுமானதாக இருந்திருக்கும். குடும்பங்களில் யாரேனும் ஒரு குழந்தையைக் குத்திப் பேசும்போது, சண்டை வேண்டாமே என்று நாற்காலியில் பேசாமல் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு உத்தானபாதனின் சாயல் உண்டு.

அழுதுகொண்டு வந்த மகனிடம் தாய் சுநீதி பொய்யாக எதையும் சொல்லித் தேற்றவில்லை. அவனுடன் சேர்ந்து பெருமூச்சு விட்டாள். பிறருக்குத் தீங்கு நினையாதே என்றாள். நம் துயரைத் துடைக்க வல்லவன் நாராயணன் ஒருவனே என்று சொல்லி அவன் பாதத்தைப் பற்றச் சொன்னாள். துருவன் காட்டுக்குப் போய்த் தவமிருந்த கதையைச் சொல்பவர்கள், அவன் திரும்பி வந்த காட்சியையும் சொல்ல வேண்டும். மகன் வருகிறான் என்று கேட்ட உத்தானபாதன் முதலில் நம்பவே இல்லை. பிறகு தேரில் விரைந்து, மகனைக் கண்டதும் இறங்கி ஓடி, இறுக அணைத்து, உச்சி முகந்து, கண்ணீரால் நனைத்தான். காலில் விழுந்த துருவனைச் சுருசியும் தூக்கி நிறுத்தித் தழுவிக்கொண்டாள்.

தம் பிள்ளைகளை வளர்க்கும் காலத்தில் கடன், இடமாற்றல், கோபம் என்று நாட்கள் ஓட, மடியில் வைத்துக்கொள்ள நேரமில்லாமல் போய்விட்டதே என்று அறுபது வயதுக்கு மேல் வருந்துபவர்கள் பலர் உண்டு. அவர்கள் உத்தானபாதனின் இந்த ஓட்டத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். நாற்பது வயது மகனிடம், 'அந்த நாளில் உன்னை அப்படி அடித்திருக்க வேண்டாம்' என்று சொல்வதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. அதைப் பக்கத்தில் நின்று கேட்கும் பேரனுக்கும் அந்த வீட்டில் எதுவோ இலகுவாகும்.

சம்பந்தர் பின்னர் தந்தையின் தோளிலேயே திருக்கோலக்கா முதலிய தலங்களுக்குச் சென்றார். நெல்வாயில் அரத்துறைக்குச் செல்லும் வழியில், தோளில் ஏறாமல் தாமே நடந்தார். பிஞ்சுப் பாதம் நோக நடக்கும் பிள்ளையைப் பார்த்துத் தந்தை மனம் வருந்தினார். அரத்துறை இறைவன் முத்துச் சிவிகை அளித்தது அப்போதுதான். அதற்கு முன், தாய் பகவதியார் பிறந்த ஊராகிய நனிபள்ளிக்குப் போனபோது பாடிய பதிகத்தின் கடைசிப் பாட்டில், தந்தையின் தோள்மேல் அமர்ந்து அதைப் பாடியதாக அந்தப் பிள்ளையே குறித்து வைத்திருக்கிறது.